ஒன்பதாம் எண் சீரம்

முதல் நாள் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு மெஸ் அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி ஆத்துப் பக்கமா, தேரிப் பக்கமா, கடல் பக்கமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "சொல்லாண்டாம். ரெண்டு வாய் சாப்பிடுங்க, நானே சொல்லிருதேன்."

சோற்றின் நடுவே குழி பறித்து, விரலால் கரை கட்டி, குழம்பை ஊற்றச் சொன்னேன். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் பரிமாறுகிற பெண்ணிடம் சொன்னாள்: "ஆத்துப் பக்கம்தான் ஏளா. சோத்துக்கு நடுவுல குளம் வெட்டுதாரு பாரு. ரசத்தக் கூடக்கொஞ்சம் ஊத்து."

சரிதான். தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர்தான் எனக்கு. அக்கா செம்மணலும் பனையுமான தேரிக்காட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். சாப்பாடு முடிந்து கருப்பட்டித் துண்டு கேட்பவர்கள் அவள் பக்கத்து ஆட்கள். குழம்பைத் தொடுவதற்கு முன் மீனைப் பிட்டு முகர்ந்து பார்ப்பவர்கள் கடல் பக்கம். முத்தையாபுரத்தில் உப்பு லாரிகள் திரும்புகிற வளைவை ஒட்டி, பெயர்ப்பலகை இல்லாத அந்த மெஸ்ஸில், பதினோரு வருடம் அவள் இப்படி ஆட்களைப் பிரித்ததை மதியம்தோறும் பார்த்திருக்கிறேன். தவறியதே இல்லை. ஒருமுறை துறைமுகத்துக்குக் கிரேன் வேலைக்கு வந்த வடக்கத்தி இளைஞன் சோற்றில் தயிரையும் குழம்பையும் அப்பளத்தையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "இவரு ரயில் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யார் எந்தப் பக்கம் என்று கேட்பதுதான் என் பிழைப்பும்.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு மருத்துவமனை. அதன் பின்கட்டில், துணி துவைக்கிற தொட்டிக்கும் ஆக்சிஜன் உருளைகள் அடுக்கிய அறைக்கும் நடுவே எங்கள் ஆய்வகம். ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூசு வரும், மூடினால் கிருமிகள் தின்று வளர்கிற இறைச்சிச் சாற்றின் வாசனை நிற்கும். திறந்தும் மூடியும் என் நாற்பதுகள் அந்த ஜன்னலில் போய்விட்டன.

குடல் பாக்டீரியாக்களை நுண்ணோக்கியில் பார்த்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. எல்லாம் சிவப்புச் சாயம் ஏறிய குட்டிக் குச்சிகள். வித்தியாசம் மேல்தோலில் இருக்கிறது. தோலிலிருந்து சர்க்கரைச் சங்கிலிகள் மயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும். எந்தச் சர்க்கரைக்கு அடுத்து எந்தச் சர்க்கரை என்ற வரிசைதான் அதன் தெரு, அதன் கதவு எண். ஆன்டிஜென் என்று நாங்கள் சொல்வது அந்த வரிசையைத்தான். அதைத் தடவிக் கண்டுபிடிக்கிற சீரம் சுண்டுவிரல் உயரப் புட்டிகளில் வருகிறது. எங்கோ ஒரு முயலுக்குச் செத்த கிருமியை ஊசியில் ஏற்றி, அதன் இரத்தம் அந்தத் தோலை நன்றாக மனப்பாடம் செய்துகொண்ட பிறகு வடித்தெடுத்தது.

ஸ்லைடில் உப்புநீர்ச் சொட்டில் கிருமியைக் கலக்குவோம். அதில் ஒரு சொட்டு சீரம். பிறகு ஸ்லைடைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், மெதுவாக, உறக்கத்தில் இருக்கிற எதையோ எழுப்பாமல் ஆட்டுவது போல. ஆள் அவன்தான் என்றால் அரை நிமிடத்தில் பால் திரிந்த மாதிரி வெள்ளைக் குருணைகள் தோன்றும், சுற்றிலும் நீர் தெளிந்துவிடும். இல்லையென்றால் கலங்கல் கலங்கலாகவே கிடக்கும். டைபாய்டு கிருமி ஒன்பதாம் எண் சீரத்தில் திரளும். அதன் கூட்டம் அது.

ஆனால் அந்தக் கிருமிக்கு ஒரு வழக்கம் உண்டு. சில நேரம் சர்க்கரை மயிர்களுக்கு மேல் இன்னொரு மெல்லிய உறையைப் போர்த்திக்கொள்ளும். வி.ஐ. உறை என்போம். போர்வை இருக்கும்வரை ஒன்பதாம் எண் சீரம் உள்ளே தொட முடியாது. எதிரே நின்றாலும் அடையாளம் தெரியாது. உறைக்கென்று தனிச் சீரம் இருக்கிறது. அது கையில் இல்லையென்றாலும் வழியுண்டு. கிருமி கலந்த உப்புநீரைக் கொதிநீரில் கால் மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி ஒன்பதாம் எண்ணில் பார்க்க வேண்டும். கொதியில் உறை கழன்றுவிடும். அடியில் இருக்கிற தோல் பேசும்.

இது புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் குளிர்பெட்டிக் கதவிலும் இருந்தது. என்னோடு வேலை பார்க்கிற பெரியதாழைக்காரர் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி ஒட்டிய துண்டுத்தாள்: "திரளலையா? கொதிக்க வை."

அந்தத் தாள் ஒட்டிய கதவைத் தினம் இருபது தடவை திறந்து மூடியவன் நான்.

துறைமுகத் தொழிலாளர் தங்குகிற ஒரு விடுதியில் அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்தது. படிப்படியாக ஏறி இறங்காமல் நிற்கிற காய்ச்சல், நாக்கில் வெள்ளை. இரண்டு பேரின் இரத்தத்தில் எங்கள் ஆய்வகமே டைபாய்டைக் கண்டுபிடித்தது. அந்த இரண்டும் எளிதாக ஒன்பதாம் எண்ணில் திரண்டன. சுகாதார ஆய்வாளர் வந்து தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தார். பிறகு அந்தத் தெருவில் உணவு சமைக்கிறவர்கள் எல்லோரிடமும் மலப் பரிசோதனை கேட்டார். காய்ச்சல் இல்லாமலே கிருமியைச் சுமக்கிறவர்கள் உண்டு. வருடக்கணக்காக, பித்தப்பையில், தங்களுக்கே தெரியாமல்.

மெஸ்ஸிலிருந்து நான்கு டப்பாக்கள் வர வேண்டும். மூன்றை ஆய்வாளரின் ஆள் கொண்டுவந்தான். நான்காவதை அக்கா தானே கொண்டுவந்தாள். செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் ஜவுளிக்கடைப் பையில் போட்டு, பைக்கு முடிச்சும் போட்டிருந்தாள்.

"பதினோரு வருசமா ஒங்களுக்கு நான் எலையில வச்சுத் தந்தேன். இப்ப ஒங்க கையில இதத் தரேன். எனக்கே நாணமா இருக்கு தம்பி."

"இதுல என்னக்கா இருக்கு, நம்ம வேலையே இதுதான்."

"ஒங்க வேல சரி. நாளைக்குச் சாப்பிட வாரையில என் மொகத்தப் பாத்தா இதுதானே ஞாவகம் வரும்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒண்ணும் இருக்காதுல்லா?"

"ஒண்ணும் இருக்காது" என்றேன். மூடியைத் திறக்கும் முன்பே முடிவு சொல்லிவிட்ட ஆள்.

பெரியதாழைக்காரர் அந்த வாரம் ஊர்க்கோவில் திருவிழாவுக்கு விடுப்பில் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். மூன்று டப்பாக்களில் எதுவும் இல்லை. நான்காவதன் வளர்ப்புத் தட்டில் நிறமற்ற சின்னச் சின்னப் புள்ளிகள் முளைத்தன. நடுவில் மை வைத்தது போலக் கொஞ்சம் கறுப்பு. குழாய்களில் ஏற்றி மறுநாள் பார்த்தேன். வாயு இல்லை. குழாயில் சரிவாக உறைந்த ஊட்டக்கூழின் ஓரத்தில் அரும்பு மீசை போல ஒரு கறுப்புக் கோடு. இருபது வருடம் இந்த வேலை செய்தவனுக்கு டைபாய்டின் அந்த மீசை தெரியும். கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டதும் வயிறு முதலில் சொல்லுமே, அப்படிச் சொன்னது.

ஸ்லைடை எடுத்தேன். ஒன்பதாம் எண் சீரம். ஆட்டினேன். அரை நிமிடம், ஒரு நிமிடம். கலங்கல் அப்படியே இருந்தது. ஒரு குருணை இல்லை. விளக்குக்கு அடியில் சாய்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். திரளவில்லை. வி.ஐ. சீரம் தீர்ந்துபோய், புதிது கேட்டு எழுதியிருந்தது.

அன்றைக்கு மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. ஜெனரேட்டர் அறுவை அரங்குக்கும் குளிர்பெட்டிகளுக்கும் மட்டும். எங்கள் வெந்நீர்த் தொட்டி சில்லிட்டுக் கிடந்தது. ஆய்வாளர் மதியத்துக்குள் முடிவு கேட்டிருந்தார்.

கரன்ட் இல்லை, அதனால் கொதிக்க வைக்கவில்லை. நெடுநாள் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்பி வளையத்தைச் சூடாக்க அதைத்தான் அன்று முழுவதும் பயன்படுத்தினேன். அதன்மேல் ஒரு சின்ன பீக்கரில் தண்ணீர் வைத்தால் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த காரியம். திரளாமல் கிடந்த அந்தக் கலங்கலைப் பார்த்தபோது எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியைக் கொதிக்க வைக்க எனக்கு மனசில்லை.

நான்கு பேர் பெயருக்கும் நேரே "டைபாய்டு கிருமி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்காவது கிருமி வளர்ந்த குழாயை மற்றவற்றோடு அழிக்கிற வாளியில் போடாமல், நாடாவில் தேதி எழுதி ஒட்டி, குளிர்பெட்டியின் பின்வரிசையில் வைத்தேன். இல்லை என்று எழுதியவன் அதை ஏன் எடுத்துவைத்தேன்? கையெழுத்துப் போட்ட கையும் எடுத்துவைத்த கையும் ஒன்றுதான்.

அன்று மதியம் அக்கா எனக்கு இரண்டாவது சாளை மீனை வைத்தாள். "ஆப்பீசர் போன் பண்ணிட்டாரு. இங்கன எல்லாருக்கும் சுத்தமா இருக்குன்னு. நான் அப்பவே சொன்னேன், ரெண்டு வேள குளிக்கவளுக்கு என்ன சீக்கு வரும்னு." சோற்றின் நடுவே குளம் வெட்டினேன். தின்றேன்.

மூன்று வாரம் போயிருக்கும். மீன் பதப்படுத்துகிற கம்பெனியில் கணக்கெழுதும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். காய்ச்சலோடு பத்து நாள் வேலைக்குப் போயிருக்கிறாள், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு. வயிறு பலகையாகிவிட்டது. குடலில் ஓட்டை. அவளை அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போன நேரத்தில், நான் படிக்கட்டடியில் அவளுடைய தாயாரிடமிருந்து இரத்தக் குப்பிகளை வாங்கினேன். அந்தம்மா கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. தாமிரபரணிக் கரையில் கண்ட மாதிரி முகம்.

"என்னம்மா சாப்பிட்டா?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கேட்டது நுண்ணுயிர்க்காரன் அல்ல, அந்தக் குழாயை எடுத்துவைத்தவன்.

"மத்தியானம் அங்கன, உப்பு லாரி திரும்புத எடத்துல, ஒரு மெஸ்ஸு. நாலஞ்சு மாசமா பார்சல் அங்கதான் வாங்குதா. வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்குன்னு சொல்லுவா."

இரண்டு நாள் கழித்து அவளுடைய இரத்தத்தில் கிருமி வளர்ந்தது. பெரியதாழைக்காரர் திரும்பி வந்திருந்தார். அவர்தான் ஸ்லைடு போட்டார். ஒன்பதாம் எண்ணில் ஆட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன வே இது. மீச மொளச்சிருக்கு, ஆளு வாயத் தொறக்க மாட்டேங்கான். போத்திட்டு வந்திருக்கான் பயபுள்ள." புதிதாக வந்திருந்த வி.ஐ. சீரத்தில் போட்டார். உடனே குருணை. பிறகு குழாயைக் கொதிநீரில் நிறுத்தினார். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து, ஆறிய கலவையில் ஒன்பதாம் எண் சீரம் விட்டு, என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். ஸ்லைடு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திரண்டிருந்தது. எதுவும் கலங்கலாக இல்லை.

"பாத்தீரா. வேட்டிய உருவினா எந்தத் தெருன்னு தெரிஞ்சு போச்சு."

நான் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தேன். பின்வரிசையில் அந்தக் குழாய் இருந்தது. நாடாவில் என் எழுத்து.

வெந்நீர்த் தொட்டி பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் அந்தக் கிருமியை உப்புநீரில் கலந்து, ஸ்பிரிட் விளக்கின் மேல் பீக்கரை வைத்துத்தான் கொதிக்க விட்டேன். அன்றைக்குச் செய்திருக்க முடியும் என்பதை யாருக்குக் காட்டினேனோ. கால் மணி நேரம். குழாயை எடுத்துக் குழாய்த்தண்ணீரில் காட்டி ஆறவைத்தேன். சொட்டு விட்டேன். இரண்டு தடவை ஆட்டுவதற்குள் திரண்டுவிட்டது.

"யாருது வே?"

"மெஸ் அக்காவோடது."

அவர் நாடாவில் இருந்த தேதியைப் படித்தார். விரலை மடக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி, ஸ்லைடுகளைப் பினாயில் தொட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டார்.

"கரன்ட் இல்லாத அன்னைக்கா?"

"விளக்கு இருந்தது."

"ஆமா. வெளக்கு இருந்துச்சு." சத்தம் போட்டிருந்தால் தேவலை. "ஒண்ணு கேக்கேன். ஆளு தெரியாம இருந்தா கொதிக்க வச்சிருப்பீரா?"

வைத்திருப்பேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

தலைமை மருத்துவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு குழாய்களும் ஒரே கிருமிதானா என்று கேட்டார். ஒரே கூட்டம், ஒரே உறை, அதற்கு மேல் எங்கள் ஆய்வகத்தால் சொல்ல முடியாது என்றேன். அப்படிச் சொல்வதில் ஒரு சந்து இருந்தது. அதில் நுழைந்து தப்பிவிடலாம். இந்தப் பெண்ணுக்கு வேறு எங்கிருந்தோ வந்திருக்கலாம். நான் அந்தச் சந்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். மருத்துவர், திருத்திய அறிக்கை இன்று மதியமே போகும், என் பெயரில் ஒரு விளக்கமும் போகும் என்றார். எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும், ஆய்வாளர் போவதற்கு முன் அவளிடம் நான் சொல்ல வேண்டும் என்றேன். "ஒரு மணி நேரம். ஆனா இன்னைக்கு மத்தியானச் சாப்பாடு அங்க பரிமாறக் கூடாது" என்றார்.

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அடுப்படிக்குள் போனேன். பதினோரு வருடத்தில் அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனதில்லை. அக்கா அகலச் சட்டியில் பச்சடிக்கு வெங்காயத்தையும் தயிரையும் கையால் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, இம்புட்டு வெள்ளென வந்துட்டிய? இன்னும் சோறே வடிக்கலையே."

"அக்கா, கைய எடுங்க."

"என்னது?"

"சட்டியிலேர்ந்து கைய எடுங்கக்கா."

எடுத்தாள். விரல்களிலிருந்து தயிர் சொட்டியது. நான் சொன்னேன். அன்றைக்கு நான் கொடுத்த முடிவு தப்பு, உங்கள் உடம்பில் டைபாய்டு கிருமி இருக்கிறது, உங்களுக்குக் காய்ச்சல் வராது, ஆனால் கை வழியாகச் சாப்பாட்டுக்குப் போகும், இப்போது ஒரு பெண் வயிற்றில் அறுவை செய்து படுத்திருக்கிறாள், இங்கே பார்சல் வாங்குகிற பெண்.

பரிமாறுகிற பெண் இலைக்கட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் ரெண்டு வேள குளிக்கவ" என்றாள் அக்கா.

"குளிச்சாப் போறது இல்லக்கா அது."

"சோப்புப் போட்டுக் கைகழுவாம அடுப்படிக்குள்ள வரமாட்டேன். கேளுங்க, இவகிட்ட கேளுங்க. பதினோரு வருசம் என் கையாலதான தின்னிய. ஒங்களுக்கு ஏன் வரல?"

"தெரியலக்கா. எல்லாருக்கும் வராது. எல்லா நாளும் வெளியேறாது."

"காய்ச்சலே எனக்கு..." என்று தொடங்கி நிறுத்தினாள். கண் எங்கோ போய்த் திரும்பியது. "கல்யாணத்துக்கு மொத வருசம். தேரியில எங்க அம்ம வீட்டுல. மாசக்கணக்காக் கெடந்தேன். தலமுடியெல்லாம் கொத்துக் கொத்தாக் கொட்டிட்டு. அந்தக் காய்ச்சலா? அது போய் எத்தன வருசம் ஆச்சு தம்பி. அதுவா இன்னும் உள்ள இருக்கு?"

"அதுவா இருக்கலாம். பித்தப்பையில கல் இருந்தா அதுக்குள்ள குடியிருக்கும்."

"மொத தடவ ஏன் தெரியல?"

அந்தக் கேள்விக்குத்தான் வந்திருந்தேன். கிருமி ஒரு போர்வை போர்த்தியிருந்தது, கொதிக்க வைத்தால் போர்வை விலகும், நான் கொதிக்க வைக்கவில்லை என்றேன்.

"ஏன்?"

"நீங்கன்னு தெரியும். இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

அடுப்பில் உலைத் தண்ணீர் கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதை இறக்கவில்லை. அவள் கையில் இருந்த தயிர் காயத் தொடங்கியது. கையைத் துடைக்க எதையும் தொடவும் அவளுக்கு இப்போது பயம். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ள பொழச்சிருமா?"

"பொழச்சிருவான்னு சொல்லுதாங்க."

"நீங்க மொதத் தடவையே சொல்லியிருந்தா?"

"இவ்வளவு தூரம் போயிருக்காது. அவளுக்கு வராமலே இருந்திருக்கலாம்."

"ம். அப்ப அந்தப் பிள்ளைக்கு நீங்களும் நானுமாச் சேந்துல்லா சோறு போட்டிருக்கோம்" என்றாள்.

பரிமாறுகிற பெண் வந்து அடுப்பை அணைத்தாள். அக்கா காலால் சட்டியை நகர்த்திக் காட்டி, "ஏளா, அதக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதை. நாய்க்கும் வைக்காத" என்றாள்.

ஆய்வாளர் வந்து மெஸ்ஸை மூடச் சொல்லிக் கதவில் தாள் ஒட்டினார். தெரு உடனே பேச ஆரம்பித்தது. பஸ் நிறுத்தத்துக் கடை அண்ணாச்சி எனக்குப் பழக்கம். "தேரிக்காட்டு ஆளுவளே அப்படித்தான், தண்ணிக்குக் கஷ்டப்பட்டவுக, கழுவ மாட்டாவ" என்றார். மறுநாள் அதே தெருவில் இன்னொரு மெஸ்காரி தன் வாசலில் "ஆற்றுப் பக்கத்துச் சமையல்" என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தாள். ஒரு சொட்டுதான் விழுந்தது. தெருவே குருணை குருணையாகத் திரண்டது. நான் அண்ணாச்சியிடம், கிருமிக்குத் தேரியும் தெரியாது ஆறும் தெரியாது, தப்பாக எழுதிக் கொடுத்தது நான் என்றேன். "நீங்க படிச்சவுக, நீங்க தப்பாவா எழுதுவிய" என்று சிரித்தார். நம்பவில்லை. என் மேல் இருந்த உறை அவ்வளவு கெட்டி.

ஸ்கேனில் அக்காவின் பித்தப்பையில் கற்கள் இருந்தன. மாத்திரைகள், பிறகு அறுவை. கணக்கெழுதும் பெண் பிழைத்தாள். மலம் வெளியேற வயிற்றில் பை வைத்து அனுப்பினார்கள், சில மாதம் கழித்துத்தான் எடுத்தார்கள். வெளிநோயாளி வரிசையில் ஒருநாள் அவளைப் பார்த்தேன். துப்பட்டாவை வயிற்றின் மேல் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவளுடைய தாயாருக்கு மருத்துவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், என் விளக்கத்தையும் சேர்த்து. ஆனால் என் முகம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து நான்தான் என்று சொல்வதற்கு இரண்டடி தூரம். நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன். இதை எழுதுகிற இன்றுவரை அந்த இரண்டடி அப்படியே கிடக்கிறது.

அக்கா மறுபடி சமைக்க வேண்டுமென்றால் மாதத்துக்கு ஒன்றாக மூன்று பரிசோதனையில் கிருமி இல்லை என்று வர வேண்டும். வேறு ஆய்வகத்துக்குப் போகச் சொன்னேன். "ஒங்ககிட்டதான் வருவேன். தப்பு பண்ண எடம் எதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். மருத்துவரும் ஒத்துக்கொண்டார், பெரியதாழைக்காரர் சேர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

முதல் மாதம் எதுவும் முளைக்கவில்லை. இரண்டாவது மாதமும்.

மூன்றாவது மாதம் நிறமற்ற புள்ளிகள் இரண்டு முளைத்தன. நடுவில் கறுப்பு இல்லை. குழாய்களில் போட்டேன். மறுநாள் மீசை இல்லை. வேறு ஏதோ சாதுவான குடல்வாசி, அவ்வளவுதான். ஒன்பதாம் எண் சீரத்தில் திரளவில்லை. வி.ஐ.யிலும் திரளவில்லை. பெரியதாழைக்காரர் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்ன வேணும்? போடும் வே, கையெழுத்த" என்றார். இவ்வளவுக்கும் பிறகு கொதிக்க வைக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. நான் வைத்தேன். ஆறவிட்டேன். ஆட்டினேன். தெளியவில்லை, திரளவில்லை, பால் கலந்த நீர் போல மங்கலாக நின்றது. நிம்மதி மெல்ல வந்தது. அந்த நிம்மதியை எனக்கு முன்பே தெரியும். அதன் முகத்தைப் பார்த்ததும் பயந்தேன்.

மாலையில் அக்கா வந்தாள். ஆய்வகத்துக்குள் வரவில்லை, துவைக்கிற தொட்டியோரமாக நின்றாள். அறுவைக்குப் பிறகு மெலிந்திருந்தாள். கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். இந்த மாதங்களில் அது பழக்கமாகிவிட்டது.

"இல்லக்கா" என்றேன். "இந்தத் தடவையும் இல்ல."

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. என் கண்ணையே பார்த்தாள்.

"கொதிக்க வச்சுப் பாத்தியளா?"

"வச்சேன்."

"நான்னு தெரிஞ்சுதான் வச்சியளா?"

"தெரிஞ்சுதான்."

தலையை ஆட்டினாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, தொட்டிக் குழாயைத் திறந்து, முழங்கை வரை கழுவினாள். கழுவிவிட்டு மறுபடி கழுவினாள். நாளைக்கு மெஸ்ஸுக்கு வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஈரக்கையை உதறிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

நான் உள்ளே போனேன். பெரியதாழைக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். அக்காவின் குழாயை எடுத்துவைத்துக்கொண்டு நான் மறுபடி பீக்கரில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்தார். பையை நாற்காலியில் வைத்துவிட்டு, ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து என் பக்கமாக நகர்த்தினார்.